பிளேன்மாடசாமிக்கு ஒரு சம்மன்

தூத்துக்குடி மில்லர்புரத்தில் பந்தல், நாற்காலி, பாத்திரம் வாடகைக்கு விடும் ராஜதுரை தன் குலசாமிக்குப் பயந்தவர். அரசாங்க அலுவலகங்களுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பயந்தவர். சாமி வருஷத்துக்கு ஒரு தடவைதான் கோபப்படும். என்ன கோபம் என்று வாய்விட்டுச் சொல்லியும் விடும். அலுவலகங்களுக்கு அந்த நல்ல பழக்கம் கிடையாது.

குலசாமியின் பெயர் பிளேன்மாடசாமி. சிரிக்க வேண்டாம். தெற்கத்திப் பக்கம் அகாலமாகச் செத்தவர்கள் சாமியாவது வழக்கம். வெட்டுப்பட்டவர், கிணற்றில் விழுந்தவர், இடி விழுந்தவர் என்று எல்லோருக்கும் ஒரு பீடம் உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தின்போது ஒரு சித்திரை மாதம், பனங்காட்டுச் செம்மணல் தேரியில் ஒரு சின்னப் போர் விமானம் வந்து விழுந்தது. பனை உச்சியில் இருந்த ராஜதுரையின் தாத்தா மாசானம் இறங்கி ஓடினார். உள்ளே நசுங்கிக் கிடந்த வெள்ளைக்காரன் "வாட்டர்" என்றான். மாசானத்துக்கு அந்த வார்த்தை தெரியாது. ஆனால் சாகப்போகிறவன் என்ன கேட்பான் என்று தெரியும். கலயத்தில் இருந்த பதநீரை அவன் வாயில் ஊற்றினார். குடித்தான். அவர் மடியிலேயே செத்தான். மாசானம் அவனை அங்கேயே புதைத்து, உடைந்து கிடந்த முன்விசிறியின் இறக்கை ஒன்றை மேலே நட்டுவைத்தார். அதுவே பீடம். மிச்ச விமானத்தைக் காற்று மணல் போட்டு மூடிவிட்டது.

அன்றிலிருந்து சித்திரைதோறும் மத்தியானக் கொடைவிழா. ரொட்டி, அவித்த முட்டை, சிகரெட், பதநீர் படையல். துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டும் சுடலைக்கண்ணு, ராஜதுரையின் சித்தப்பா மகன், சாமியாடி. மேளம் உச்சத்துக்குப் போனதும் இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு பீடத்தைச் சுற்றி ஓடுவான். முதலில் "வாட்டர்" என்பான். பதநீர் குடித்த பிறகு நல்ல திருநெல்வேலித் தமிழில் குறி சொல்லுவான். ஒரே ஊரில் எண்பது வருஷம் இருந்தால் யாருக்கும் பாஷை வந்துவிடும்.

இப்படி நிம்மதியாக இருந்த சாமியின் தலைமேல் போன வருஷம் ஒரு ரோடு வந்தது. துறைமுகத்துக்குப் போகும் லாரிகளுக்கான புது ரோடு. அளக்க வந்தவர்கள் பீடத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கல், அந்தப் பக்கம் ஒரு கல் நட்டுவிட்டு நடுவில் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். ராஜதுரை கையெடுத்துக் கும்பிட்டார். அளக்கிறவர் நல்ல மனிதர்தான். வெறும் பீடமென்றால் எடுத்துவிடுவோம், அடியில் ஆள் புதைந்திருக்கிறது என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டால் ரோட்டை வளைத்துவிடுவோம் என்றார். அதற்கென்றே ஓர் ஆணையம் உங்கள் ஊரிலேயே இருக்கிறதே என்றும் சொன்னார்.

இருந்தது. போர்க்கால வானூர்தி இழப்புப் பதிவுகள் சீராய்வு மற்றும் திருத்த ஆணையம். கடற்கரைச் சாலையில் ஒரு பழைய சரக்குக் கிட்டங்கியில், யுத்தத்தில் தொலைந்த விமானங்களைப் பற்றிய பதிவுகளில் பிழை இருந்தால் திருத்துவதற்காகப் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருந்தது. அப்படி ஒன்று இருப்பது அடுத்த கட்டடத்துக் கருவாட்டு வியாபாரிக்கே தெரியாது.

ராஜதுரை வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, விபூதி பூசிக்கொண்டு போனார். உள்ளே நுழைந்தபோது மணி அடித்தது. எல்லோரும் எழுந்து தலைகுனிந்து நின்றார்கள். அவரும் நின்றார். செத்துப்போனவர்களுக்காக மனசுக்குள் வேண்டிக்கொண்டார். அஞ்சலி முடிந்ததும் பிரிவு அலுவலர் பானுப்ரியா அவர் காதருகே வந்து, "இது விமானங்களுக்கு. ஆளுங்க வேற செக்‌ஷன்" என்றார்.

தலைவர் விஜயராஜ் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்தச் செய்தியை அவருக்கு யாரும் தெரிவிக்கவில்லை போலிருந்தது. ராஜதுரை நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னார். தலைவர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு பானுப்ரியாவைப் பார்த்தார்.

"பதிவுல என்ன இருக்கு?"

"மன்னார் வளைகுடாவில் விழுந்து மூழ்கியது, விமானியைக் காணவில்லைன்னு இருக்கு சார்."

"அய்யா, கடல்ல இல்ல. எங்க தேரியிலதான் விழுந்துது. எங்க தாத்தா கண்ணால பாத்தாவ" என்றார் ராஜதுரை.

தலைவர் பெருமூச்சு விட்டார். "ராஜதுரை, ஒரு பதிவு தப்புன்னு சொல்றது ரொம்ப சுலபம். அதை எழுதின அதிகாரி இப்ப உயிரோட இல்ல. வந்து பதில் சொல்ல அவரால முடியாது. பதில் சொல்ல முடியாத ஒருத்தர் மேல குற்றம் சொல்றது நியாயமா? அதனாலதான் இந்த ஆணையம் இதுவரைக்கும் ஒரு திருத்தம்கூடச் செய்யல. பதினோரு வருஷமா ஒரு பிழைகூட வெளிய வரலன்னா, பதிவு எவ்வளவு சுத்தமா இருக்குன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க."

ராஜதுரை யோசித்துப் பார்த்தார். பீடத்தில் நட்டிருக்கும் இறக்கையைப் போனில் எடுத்து வைத்திருந்தார். நீட்டினார். தலைவர் அதைப் பெரிதாக்கி, சிறிதாக்கி, மறுபடியும் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இது கடலுக்கு அடியில இருக்க வேண்டிய பொருள். வெளிய எப்படி வந்துச்சு? நீங்க சங்கு குளிக்கிறவரா?"

"அய்யா, நான் பந்தல் கடை வச்சிருக்கேன். எனக்கு நீச்சலே தெரியாது. கடல்ல கால் நனைக்கதுக்கே பயம்."

"நீச்சல் தெரியாம அவ்வளவு ஆழம் போயிருக்கீங்க. இது இன்னும் சீரியஸான விஷயம்" என்று தலைவர் சொல்ல, பானுப்ரியா எழுதிக்கொண்டார்.

வந்த வழியே ஓடிவிடலாமா என்று ராஜதுரை வாசலைப் பார்த்தார். வாசலில் காவலாளி நாற்காலியைக் குறுக்கே போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான், வழக்கமாகக் கேட்கிற கேள்வியாகத் தலைவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"விமானிக்கு நீங்க என்ன உறவு?"

"அவரு எங்க குலசாமி அய்யா."

"சரி, நெருங்கின உறவு. கடைசியா அவரை எப்ப பாத்தீங்க?"

இந்தக் கேள்விக்கு மெட்ராஸ்காரர் ஒருவர் சரியான பதிலைச் சொல்லியிருப்பார். ராஜதுரை சாமிக்குப் பயந்தவர். சாமி விஷயத்தில் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"போன சித்திரையில வந்தாரு அய்யா."

பானுப்ரியாவின் பேனா நின்றுவிட்டது.

"வந்தாரா? பேசினாரா?"

"நல்லாப் பேசுனாரு. செல்வலட்சுமிக்கு, எம் பொஞ்சாதி, மூட்டு வலி கொறையும்னாரு. கொறஞ்சிட்டு."

"உடம்பு எப்படி இருக்கார்?"

"அதுக்கென்ன, நல்லா ஓடுனாரு. ரெண்டு சிகரெட் பிடிச்சாரு."

தலைவர் எழுந்து நின்றார். ஆணையத்தின் வரலாற்றில் அவர் மௌன அஞ்சலி தவிர வேறு எதற்கும் எழுந்ததில்லை என்று பிற்பாடு பானுப்ரியா சொன்னார். "அப்ப விமானி உயிரோட இருக்கார். உயிரோட இருக்கிறவருக்குச் சமாதி கிடையாது. அது மட்டுமில்ல. யுத்த காலத்துல இருந்து இன்னிக்கு வரைக்கும் அவர் பணிக்குத் திரும்பல. லீவு சொல்லல. இதுக்கு ராணுவத்துல என்ன பேர் தெரியுமா? தப்பியோடினவர். அவருக்கு மூணு தலைமுறையா ரொட்டியும் முட்டையும் கொடுத்து ஒளிச்சு வச்சிருக்கிறது உங்க குடும்பம்."

ராஜதுரை ஸ்கூட்டரை எப்படி ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார் என்று அவருக்கே தெரியாது. வாசல் கேட்டைப் பூட்டினார். ஜன்னலைச் சாத்தினார். தெருவில் ஒரு ஜீப் போனது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். செல்வலட்சுமி விஷயம் முழுவதையும் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தாள்.

"எப்ப பாத்தீங்கன்னு கேட்டா, அவரு செத்து எம்பது வருசமாச்சுன்னு சொல்ல வேண்டியதுதானங்க?"

"ஏளா, சாமிய செத்துப்போச்சுன்னு எந்த வாயால சொல்லுவேன்?"

"அப்ப பீடத்த இடிச்சிருவாவளே."

அன்று ராஜதுரை சாப்பிடவில்லை.

அடுத்த வாரம் ஆணையத்தின் ஆட்கள் தேரிக்குப் போய் பீடத்தின் இறக்கையில் பசை தடவி ஒரு சம்மன் ஒட்டினார்கள். தலைமறைவாக உள்ள விமானி, வரும் புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு ஆணையத்தின் முன் நேரில் ஆஜராகி, தான் உயிருடன் இருப்பதற்கோ இறந்துவிட்டதற்கோ தக்க காரணம் காட்ட வேண்டும் என்று அதில் இருந்தது. பனங்காட்டுக்காரர்கள் சம்மனுக்குக் குங்குமம் வைத்து மாலை போட்டார்கள். அரசாங்கமே சாமியை அழைத்திருக்கிறது என்று சிலருக்குப் பெருமை.

சுடலைக்கண்ணு லாரியை நிறுத்திவிட்டு நேரே ராஜதுரை கடைக்கு வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணாச்சி, வரச் சொல்லுதது என்னயவா, சாமியவா?"

"சாமியத்தான். ஆனா நீ வந்தாத்தான சாமி வரும்."

"சாமி வந்தா எனக்கு ஒண்ணும் தெரியாதே அண்ணாச்சி. உள்ள போட்டுட்டானுவன்னா? வீட்டுல ரெண்டு பொட்டப்பிள்ள இருக்கு."

"நான் இருக்கேம்லா" என்றார் ராஜதுரை. சொல்லும்போது நாற்காலிகளைக் காரணமில்லாமல் எண்ணிக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை விசாரணைக்கு ஆணையம் ராஜதுரையின் கடையில் இருந்தே பந்தலும் நாற்காலியும் எடுத்தது. வாடகை கேட்கிற நிலையில் அவர் இல்லை. கிட்டங்கி முற்றத்தில் தானே நின்று கால் நட்டு, துணி கட்டிக் கொடுத்தார். மேடையில் தலைவர். பக்கத்தில் பானுப்ரியா. பாதுகாப்புக்கு ஒரு போலீஸ்காரர், ஏரல் பக்கத்துக்காரர். மேளக்காரர்கள் ஓர் ஓரமாக நின்றார்கள். மேளம் எதற்கு என்று தலைவர் கேட்டதற்கு, எதிர்த்தரப்பு வருவதற்கான ஏற்பாடு என்று பானுப்ரியா விளக்கினார். தலைவர் அதைப் போக்குவரத்து வசதி என்று குறித்துக்கொள்ளச் சொன்னார்.

பன்னிரண்டு மணிக்கு விமானங்களுக்கு மௌன அஞ்சலி. பிறகு மேளம்.

சுடலைக்கண்ணு முதலில் பயந்துபோய்த்தான் நின்றான். உடுக்குச் சத்தம் ஏற ஏற அவன் தோள் குலுங்கியது. திடீரென்று கை இரண்டும் விரிந்தன. பந்தலைச் சுற்றி ஒரு சுற்று, மேடையை ஒட்டி ஒரு சுற்று. தலைவரின் காகிதங்கள் பறந்தன. அவன் நேராக மேடைக்கு முன்னால் வந்து நின்று, "வாட்டர்" என்றான்.

ஆணையத்துச் சிப்பந்தி ஒரு தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். சாமி அதைத் தட்டிவிட்டது. செல்வலட்சுமி ஓடிப்போய்ப் பதநீர்ச் செம்பைக் கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்தது.

தலைவர் தொண்டையைச் செருமினார். "பேர், பதவி, பணி எண் சொல்லுங்க."

"ஏலே, எம்பேரு எல்லாம் உங்கிட்டதான இருக்கு. நீதான எழுதி வச்சிருக்க. என்ட்ட எதுக்குக் கேக்க?"

"விமானம் எங்க விழுந்துச்சு?"

"மாசானம் மடியில விழுந்தேன்."

"அது எந்தத் தாலுகா?" என்று தலைவர் பானுப்ரியாவிடம் கேட்டார். பிறகு சாமியின் பக்கம் திரும்பினார்.

"இத்தனை வருஷமா ஏன் பணிக்குத் திரும்பல?"

சாமி சிரித்தது. "வருசந்தவறாம வந்துக்கிட்டுதான இருக்கேன். நீதாம்ல ஒரு நாளும் வரல."

தலைவர் கைக்குட்டையால் முகம் துடைத்தார். ஆஜரானவரைக் காவலில் எடுக்கும்படி போலீஸ்காரருக்குச் சைகை செய்தார். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முன்னால் போய், நெற்றியில் விபூதி வாங்கிக்கொண்டு, பழைய இடத்துக்கே வந்து நின்றார். தன் வேலை முடிந்தது போல் இருந்தது அவர் முகம்.

அப்போது பானுப்ரியா தலைவரின் காதில் ஏதோ சொன்னார். தலைவரின் முகம் மாறியது. மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, ஏறக்குறைய அன்பாகப் பேசினார்.

"ராஜதுரை, இப்படி வாங்க. நம்ம பதிவுல மொத்த இழப்பு எவ்வளவுன்னு ஒரு எண் இருக்கு. இவர் உயிரோட இருந்தா அந்த எண்ணுல ஒண்ணு குறையும். யுத்தம் முடிஞ்சு இத்தனை வருஷத்துக்கு அப்புறம் இழப்பைக் குறைக்கிற அதிகாரம் எனக்குக் கிடையாது. அது மேலிடத்துக்குச் சங்கடம். ஆனா ஒருத்தர் செத்துட்டா, எங்க செத்தார்னு மாத்தறதுல பெரிய கஷ்டமில்ல. கடலுக்குப் பதிலா தரைன்னு போட்டுடலாம். எண் அப்படியே இருக்கும். அதனால உங்களுக்கு ரெண்டு வழி. வந்து நிக்கிறவர் விமானின்னா, இவரை இப்பவே கூட்டிட்டுப் போயிடுவோம், பீடத்தை எடுத்துடுவோம். இவர் வெறும் லாரி டிரைவர், யாரும் எங்கேயும் வர்றதில்லன்னா, விமானி செத்தது நிஜம், சமாதி நிஜம், ரோடு வளையும். எது உண்மைன்னு நீங்களே மைக்ல சொல்லிடுங்க."

மைக்கை ராஜதுரையின் வாய்க்கு நேராக நீட்டினார்கள்.

எதிரே சுடலைக்கண்ணு கைகளை விரித்தபடி நின்றிருந்தான். அவன் கண் அவனுடைய கண்ணாக இல்லை. ராஜதுரை சின்ன வயசில் இருந்து சித்திரைக்குச் சித்திரை அந்தக் கண்ணைப் பார்த்துக் குலை நடுங்கியிருக்கிறார். சுடலைக்கண்ணுவுக்கு முன்னால் சாமியாடிய சித்தப்பா முகத்திலும் அதே கண்தான் இருந்தது.

"சொல்லுல ராஜதுரை" என்றது சாமி. "நான் யாரு?"

ராஜதுரை சுடலைக்கண்ணுவின் இரண்டு பெண்பிள்ளைகளை நினைத்தார். மணலுக்கு அடியில் கிடக்கிற எலும்பை ஜேசிபி அள்ளுவதை நினைத்தார். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டார்.

"இவன்... இவன் எங்க சித்தப்பா மவன் சுடலைக்கண்ணு. லாரி ஓட்டுதான்."

"சாமி?" என்றார் தலைவர்.

"சாமி எல்லாம் வாரதில்ல."

சாமி அவரை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தது. கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ராஜதுரை பல நாள் நினைத்துக்கொண்டார். விரிந்திருந்த கைகள் மெள்ளக் கீழே இறங்கின. சுடலைக்கண்ணு பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைக் கசக்கினான்.

"முடிஞ்சிட்டா அண்ணாச்சி?"

"முடிஞ்சிட்டு, வா" என்றார் ராஜதுரை.

ஆணையம் தன் முதல் திருத்தத்தைப் பெரிய விழாவாகக் கொண்டாடியது. தலைவர் ஒரு மணி நேரம் பேசினார். பதிவு எப்போதும் சரியாகவே இருந்தது என்றும், இப்போது இன்னும் சரியாகிவிட்டது என்றும், சரியாக இருந்ததையே திருத்திக் காட்டிய ஆணையம் உலகில் இது ஒன்றுதான் என்றும் சொன்னார். அவருக்கு மூன்று வருஷம் பதவி நீட்டிப்பு வந்தது. ரோடு வளைந்து போனது. பீடத்தைச் சுற்றிக் கம்பிவேலி போட்டு, கிரானைட் பலகை நட்டார்கள். விமானி இவ்விடத்தில் தரையில் விழுந்து இறந்தார், மீண்டும் வருவதற்கு ஆதாரம் ஏதும் இல்லை என்று அதில் வெட்டியிருந்தது.

சித்திரை வந்தது. கொடை நாள் நெருங்க நெருங்க ராஜதுரைக்கு உறக்கம் போனது. சாமி வந்து எல்லோர் முன்னிலையிலும் சட்டையைப் பிடிக்கும், ஏம்ல அப்படிச் சொன்ன என்று கேட்கும், என்ன பதில் சொல்வது என்று தனியாக இருக்கும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். காலில் விழுந்து, பயந்துட்டேன் சாமி என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். அது உண்மையும்கூட.

மத்தியானம் மேளம் தொடங்கியது. கம்பிவேலிக்குள் ரொட்டி, முட்டை, சிகரெட், பதநீர் எல்லாம் முறைப்படி வைத்திருந்தார்கள். சனம் வெயிலில் நின்றது. சுடலைக்கண்ணு மாலையும் சந்தனமுமாக நடுவில் நின்றான். மேளம் ஏறியது. உடுக்கு ஏறியது. அவன் தோளில் ஓர் அசைவும் இல்லை. மேளக்காரர்கள் வேர்வையை வழித்துப் போட்டுவிட்டு மறுபடியும் முதலில் இருந்து அடித்தார்கள். சின்னப் பிள்ளைகள் அழ ஆரம்பித்தன. கிழவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். செல்வலட்சுமி பதநீர்ச் செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இத்தனை நாள் சாமி வந்துவிடுமே என்று ராஜதுரை பயந்தது, வராமலே போய்விடுமோ என்ற இந்தப் பயத்துக்கு முன்னால் ஒன்றுமேயில்லை. வா சாமி, வந்து என்னை அடி என்று மனசுக்குள் கெஞ்சினார்.

சுடலைக்கண்ணு மெதுவாக அவர் பக்கம் நகர்ந்து வந்தான். உதடு உலர்ந்திருந்தது.

"அண்ணாச்சி, வரல."

"நல்லா நெனச்சுப் பாருல."

"நெனச்சிட்டேன் அண்ணாச்சி. உள்ள ஒண்ணுமே இல்ல." சனத்தை ஒரு தடவை பார்த்தான். குரலை இன்னும் இறக்கினான். "சும்மா ஆடட்டுமா?"

ராஜதுரை கூட்டத்தைப் பார்த்தார். அப்பாவுக்கு மருந்து கேட்க வந்தவர்கள் இருந்தார்கள். மகளுக்கு மாப்பிள்ளை கேட்க வந்தவர்கள் இருந்தார்கள். கயத்தாற்றில் இருந்து பஸ் பிடித்து வந்தவர்கள் இருந்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு சரியென்று தலையை ஆட்டினார்.

சுடலைக்கண்ணு கைகளை விரித்தான். ஓடினான். கூட்டம் குலவையிட்டது. செல்வலட்சுமி அழுதுகொண்டே பதநீரைக் கொடுத்தாள். அவன் ஒவ்வொருவருக்கும் நல்லதாகப் பார்த்துக் குறி சொன்னான். யாருக்கும் குறை வைக்கவில்லை. கடைசியாக ராஜதுரை போய் அவன் காலில் விழுந்தார். எழுந்து நெற்றியைக் காட்டினார். திருநீறு பூசிய கையில் லாரி டீசல் மணத்தது.